ஓவகோல் செய்த எஞ்சினுக்கு ஒயில் பிறசர் ஏறாட்டி எங்க பாக்கிறது

எஞ்சின் ஓவகோல் முடிஞ்சு காருக்குள்ள இறக்கின அண்டைக்கு ஒருத்தருக்கும் பொறுமை இருக்காது. பக்கத்து வீட்டு ஐயா மதிலுக்கு மேலால எட்டிப் பாத்து "என்ன தம்பி, இன்னும் அடிச்சுப் பாக்கேல்லையோ" எண்டு கேப்பார், பற்றியும் சார்ச் ஏத்திக் கிடக்கு, பெற்றோலும் ஊத்தியாச்சு, சாவியைத் திருப்பினாச் சரி எண்டு கை துடிக்கும். ஆனா அந்த நேரம் ஒயில் எஞ்சினுக்கு அடியில இருக்கிற சம்புக்குள்ள மட்டும்தான் கிடக்கு. பம்ப் காய்ஞ்சு போய், பில்ரர் வெறுசா, கிராங்குக்குள்ள போற ஓட்டையள் முழுக்கக் காத்து. பூட்டேக்க பெயாரிங்கில தடவின ஒயில் கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும், அதுக்குள்ள பம்ப் இழுக்காட்டி இரும்போட இரும்பு.

உதை நான் ஒருக்கால் காசு குடுத்துப் படிச்சனான். என்ர மொறிஸ் மைனர், 1098 எஞ்சின், கிராங்கை 10 அண்டர்சைஸ், அதாவது ஆயிரத்தில 10 இஞ்சி சிறுசா வெட்டி எல்லாம் வடிவாப் பூட்டி, கோண்டாவில் வளவுக்குள்ள வச்சு ஸ்ராட் பண்ணினன். ஒயில் லைற் எரிஞ்சுகொண்டே இருந்தது. புது எஞ்சின்தானே, இப்ப அணையும், இப்ப அணையும் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன், ஒரு நிமிசம் கூட வராது. அணைஞ்சது. ஆனா ரெண்டாம் கிழமை பிக் எண்டில, அதுதான் கொன்றொட் கிராங்கைப் பிடிக்கிற பெயாரிங்கில, சத்தம். சம்பைக் கழட்டினா ரெண்டாம் நம்பர் பெயாரிங் செல்லில வெள்ளை போய்ச் செம்பு தெரியுது. கிராங் 20க்குப் போச்சு. அந்தச் செலவுக்கு ஒரு கேஜ் இல்லை, பத்துக் கேஜ் வாங்கியிருக்கலாம்.

அதால முதல் அலுவல் கேஜ். ஒயில் சுவிச்சைக் கழட்டிப்போட்டு அந்த இடத்தில குழாய் போட்டு வேலை செய்யிற மெக்கானிக்கல் கேஜ் ஒண்டைப் பூட்டுங்கோ, காரில நிரந்தரமா வேண்டாம் எண்டா பேந்து கழட்டலாம். சுவிச்சைக் கையில எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிப் பக்கம் போனீங்கள் எண்டா புரியைப் பாத்து யூனியன் தருவினம், இல்லாட்டிக் கொழும்பில பஞ்சிகாவத்தையில இருந்து பஸ்ஸில எடுப்பிக்கலாம். லைற்றை நம்பாதேங்கோ எண்டு நான் சொல்லுறது லைற் பொய் சொல்லுது எண்டில்லை, அது சதுர இஞ்சிக்கு 5, 7 இறாத்தலிலயே அணைஞ்சிடும், அந்த 7 இறாத்தல் ஓடுற எஞ்சினுக்குக் காணாது.

பிறைம் பண்ணுற, அதாவது ஸ்ராட் பண்ண முதல் பம்புக்கும் ஓட்டையளுக்கும் ஒயில் நிரப்புற முறை எஞ்சினுக்கு எஞ்சின் வேற. பம்பை ரிஸ்ரிபியூட்டர் தண்டு சுத்துற எஞ்சின் எண்டா ரிஸ்ரிபியூட்டரை எடுத்துப்போட்டு அந்த ஓட்டையால தண்டு விட்டு ட்ரில்லால பம்பை மட்டும் சுத்தலாம், சுகமான வேலை, எந்தப் பக்கம் சுத்தவேணும் எண்டதை மட்டும் பாத்துக்கொள்ளுங்கோ. இதைப் பாத்திட்டு மைனருக்கும் ட்ரில்லைத் தூக்கிக்கொண்டு வாற ஆக்கள் இருக்கினம். மைனரில, ஒஸ்ரின் ஏ35இல, பழைய மினியில எல்லாம் பம்ப், வால்வுகளைத் திறக்கிற காம்சாப்டின்ர பின்வாலில கொழுவி நிக்குது, ரிஸ்ரிபியூட்டர் ஓட்டைக்கால அதைத் தொடவே ஏலாது. கிராங்கின்ர முன்மூக்கிலயே பம்ப் இருக்கிற புது எஞ்சினுகளுக்கும் ட்ரில் கதை இல்லை.

அப்பிடியான எஞ்சினுகளுக்கு வெளியால இருந்து அமுக்கத்தோட ஒயிலை ஏத்திறதுதான் நல்லம். அதுக்கெண்டு விக்கிற டாங்கி விலை. எங்கட ஊரில வெங்காயத்துக்கும் போயிலைக்கும் மருந்தடிக்கிற கைப்பம்ப் டாங்கி இருக்கெல்லோ, அதில சின்னன் ஒண்டு புதுசா வாங்கி, நுனியில இருக்கிற தூவுற மூக்கையும் உள்ளுக்கு இருக்கிற வலையையும் கழட்டிப்போட்டு, குழாயை ஒயில் சுவிச் ஓட்டைக்குக் கொழுவினாச் சரி. புதுசு எண்டதைத் திருப்பியும் சொல்லுறன், மருந்தடிச்ச டாங்கியை எவ்வளவு கழுவினாலும் எஞ்சினுக்குக் கொண்டு வராதேங்கோ. 20 டபிள்யூ 50 ஒயில் தடிப்பு, அதால ஒயில் ரின்னை வெயிலில ஒரு மணித்தியாலம் வச்சிட்டு ஊத்தினா கெதியாப் போகும், வெயிலுக்கு எங்களிட்டப் பஞ்சம் இல்லைத்தானே. ஒருத்தர் பம்ப் அடிக்க மற்றவர் ஸ்பார்க் பிளக் கழட்டின எஞ்சினை ஆறுதலாச் சுத்தவேணும், ஏனெண்டா கிராங்கில இருக்கிற ஓட்டை பெயாரிங் ஓட்டைக்கு நேர வந்தாத்தான் ஒயில் உள்ளுக்குப் போகும், சுத்தாமல் ஒரு டாங்கி முழுக்க அடிச்சும் பிக் எண்ட் ரெண்டு காய்ஞ்சு கிடக்கலாம். மைனருக்கு முன்னால விட்டுச் சுத்துற கான்டில் இருக்கிறது இந்த நேரத்தில பெரிய உபகாரம்.

டாங்கியும் இல்லை எண்டா பழைய முறை: பிளக் எல்லாத்தையும் கழட்டி, கொயில் வயரையும் கழட்டி, ஸ்ராட்டரை 10, 15 செக்கன் அடி, ஒரு நிமிசம் விடு, திருப்பி அடி. பிளக் இல்லாததால பெயாரிங்குக்குப் பாரம் இல்லை. நாலஞ்சு தரத்துக்குள்ள கேஜ் முள் எழும்பவேணும், குளிர்ந்த ஒயிலில ஸ்ராட்டர் சுத்துற வேகத்துக்கே 20, 30 இறாத்தல் காட்டும். அது எழும்பின பிறகும் மேல் கவரைத் திறந்து வால்வை அமத்திற ரொக்கரில ஒயில் வருதோ எண்டு கண்ணால பாக்காமல் பிளக் பூட்டவேண்டாம்.

இனிப் பிறசர் வராத ஆக்களுக்கு.

முள் அசையவே இல்லை

முதல் டிப்ஸ்ரிக். சிரிக்காதேங்கோ, ஒயில் ஊத்த மறந்த கேஸ் நான் ரெண்டு பாத்திருக்கிறன். மைனருக்குப் பில்ரரோட சேத்து 3.7 லீற்றர் வேணும்.

ரெண்டாவது கேஜே பிழையோ எண்டு பாருங்கோ. கேஜ் குழாயின்ர முனையைக் கழட்டி ஒரு போத்தலுக்குள்ள விட்டுக்கொண்டு ஸ்ராட்டரை அடிச்சா, ஒயில் வந்தா பம்ப் வேலை செய்யுது, கேஜ்தான் பிழை. ஒண்டும் வரேல்லை எண்டா பம்ப் காய்ஞ்சு போச்சு, இதுதான் நூற்றுக்குத் தொண்ணூறு தரம் விசயம். கியர் பம்ப் எண்டாலும் ரோட்டர் பம்ப் எண்டாலும் பல்லுக்கு இடையில ஈரம் இருந்தாத்தான் உறிஞ்சும், காய்ஞ்ச பம்ப் காத்தைத்தான் சுத்திக்கொண்டு நிக்கும். பூட்டேக்கயே பம்புக்குள்ள வஸ்லின் அடைஞ்சிருந்தா இந்தக் கரைச்சல் இல்லை. வஸ்லின் சூட்டில உருகி ஒயிலோட கலந்து போகும். கிறீஸ் வைக்காதேங்கோ, அது கரையாமல் போய் எங்கையாவது ஓட்டையை அடைக்கும்.

எஞ்சின் இறக்கியாச்சு, இனிப் பம்பைக் கழட்ட ஏலாது எண்டா மைனருக்கு ஒரு வழி இருக்கு. புளொக்கில இருந்து பில்ரருக்குப் போற வெளிக் குழாய் இருக்குதெல்லோ, அதைப் புளொக் பக்கம் கழட்டி, ஒயில் கானால அந்த ஓட்டைக்குள்ள ஒயில் விட்டுக்கொண்டு எஞ்சினைப் பின்பக்கமாச் சுத்தவேணும், அப்ப பம்ப் மேல இருந்து ஒயிலைக் கீழ இழுத்துத் தன்ர வாய் நனைக்கும். கான்டிலால பின்னுக்குச் சுத்த ஏலாது, அது முன்னுக்கு மட்டும்தான் கடிக்கும், அதால ரொப் கியரைப் போட்டிட்டு ரெண்டு பெடியளை விட்டுக் காரைப் பின்னுக்குத் தள்ளுங்கோ, ஒரு ரெண்டு மூண்டு சுத்துக் காணும். இந்த விளையாட்டு ரைமிங் பெல்ட் எஞ்சினுக்கு வேண்டாம், பின்னுக்குச் சுத்தினா பெல்ட் இளகிப் பல்லுப் பாயலாம்.

அதுக்கும் வரேல்லையோ, அப்ப பம்புக்குச் சுத்து வருதோ எண்டு யோசிக்கவேணும். மைனர் வகை எஞ்சினில காம்சாப்ட் வால் ஒரே மாதிரி இல்லை, சிலதில பின் குத்தி நிக்கும், சிலதில வெட்டுக் கிடக்கும். காம் ஒரு எஞ்சினிலயும் பம்ப் இன்னொரு எஞ்சினிலயும் இருந்து வந்திருந்தா ஒண்டோட ஒண்டு கொழுவாது, நீங்கள் நாள் முழுக்க ஸ்ராட்டர் அடிக்கலாம். பஞ்சிகாவத்தைச் சாமான் எண்டா இதைக் கட்டாயம் மேசையில வச்சுக் கொழுவிப் பாத்திட்டுத்தான் உள்ளுக்குப் போடவேணும்.

கொஞ்சம் ஏறுது, 10க்கு மேல போகுதில்லை

ஒயில் எங்கையோ குறுக்கு வழியால சம்புக்குத் திரும்பி வருது. முதல் பாக்கிறது கூடின பிறசரைத் திறந்து விடுற றிலீவ் வால்வ், ஏனெண்டா அதுதான் சுகம். மைனரில புளொக்கின்ர வலப்பக்கம் பின்னுக்கு, மொட்டை மாதிரி ஒரு பெரிய நட். அதைக் கழட்டினா ஸ்பிறிங்கும் வால்வும் வரும். வால்வ் இருக்கிற இடத்தில ஒரு சின்ன இரும்புத் துகள் கிடந்தாலே மூடாது. ஓவகோல் எஞ்சினில அந்தத் துகள் கனக்க வரும், புளொக்கைக் கழுவின ஆக்கள் எவ்வளவு கழுவினாலும். துடைச்சு, ஸ்பிறிங் நீளத்தையும் அளந்து பாருங்கோ, கழட்டி வச்சா கிட்டத்தட்ட 73 மில்லிமீற்றர் இருக்கவேணும், குறைஞ்சா மாத்துங்கோ. சில பேர் ஸ்பிறிங்குக்குப் பின்னால வொசர் போட்டுப் பிறசர் காட்டுவினம், அது காய்ச்சல் மானியை ஐஸ் தண்ணிக்குள்ள வச்சிட்டுக் காய்ச்சல் இல்லை எண்டு சொல்லுற மாதிரி.

வால்வ் சரி எண்டா அடுத்தது எனக்கு நெஞ்சு வலிக்கிற விசயம், கலரிப் பிளக். புளொக்குக்குள்ள நீட்டுக்கு ஒயில் போற ஓட்டையைக் கழுவிறதுக்காக நுனியில அடைச்சிருக்கிற பிளக்குகளைக் கழட்டுவினம், திருப்பிப் போடேக்க ஒண்டை விட்டிடுவினம். வெளியால இருக்கிறதை விட்டா நிலமெல்லாம் ஒயில் ஓடும், உடன தெரியும். ரைமிங் கவருக்குள்ள இருக்கிறதை விட்டா ஒரு சொட்டும் வெளியில வராது, ஒயில் கவருக்குள்ளயே கொட்டிச் சம்புக்குப் போகும். எனக்குத் தெரிஞ்ச ஒராளின்ர வான் எஞ்சின், சந்தியில ஒரு கராச்சில செய்தது, பம்ப் மாத்தி, பெயாரிங் மாத்தி, ரெண்டாந்தரம் கிராங்கும் இறக்கிப் பாத்து, கடைசியா ரைமிங் கவரைக் கழட்டினா, சின்னி விரல் போற ஓட்டை பேசாமல் எங்களைப் பாத்துக்கொண்டிருக்குது. பிளக் எங்கை எண்டு கேட்டா, தட்டுக்குள்ள பழைய நட்டுகளோட கிடந்தது.

அதுவும் இல்லையெண்டா பம்பைக் கழட்டி அளக்கவேணும். ரோட்டர் பம்பில உள் ரோட்டர் நுனிக்கும் வெளி ரோட்டருக்கும் இடைவெளி 0.15 மில்லிமீற்றர், ரோட்டர் முகத்துக்கும் மூடிக்கும் 0.13, வெளி ரோட்டருக்கும் உடம்புக்கும் 0.25, இதுக்கு மேல போனா பம்ப் முடிஞ்சுது, இது மைனர் கணக்கு. வெளி ரோட்டரில ஒரு ஓரம் சரிவா வெட்டியிருக்கும், அது உள்ளுக்குப் போற பக்கம், மாறிப் போட்டிருந்தாலும் பிழை.

கடைசிச் சந்தேகம் பெயாரிங் இடைவெளி. இஞ்சி விட்டத்துக்கு ஆயிரத்தில ஒரு இஞ்சி எண்டது பொதுக் கணக்கு. பூட்டேக்க பிளாஸ்ரிகேஜ் எண்ட மெல்லிய பிளாஸ்ரிக் நூலை வச்சு அமத்திப் பாத்திருந்தா இப்ப இந்தச் சந்தேகம் வராது. கடைக்காரன் பெட்டியில 20 எண்டு எழுதியிருக்கு எண்டு சொன்னாலும் செல்லின்ர முதுகில அடிச்சிருக்கிற நம்பரைப் பாருங்கோ.

முள் நடுங்குது

ஏறுது, ஆனா ஒரு இடத்தில நிக்காமல் ஆடிக்கொண்டு நிக்குது எண்டா பம்ப் ஒயிலோட காத்தையும் உறிஞ்சுது. சம்புக்குள்ள இருந்து இழுக்கிற குழாயின்ர மூட்டில கஸ்கெட் சரியா அமரேல்லை, அல்லது குழாயில வெடிப்பு. சம்பைக் கழட்ட முதல் ஒரு சோதனை: ஒரு லீற்றர் கூட ஊத்திப்போட்டு ஸ்ராட்டரை மட்டும் அடிச்சுப் பாருங்கோ. நடுக்கம் நிண்டு பிறசர் ஏறினா, காத்து இழுத்த மூட்டு இப்ப ஒயிலுக்குள்ள மூழ்கிப் போச்சு எண்டு அர்த்தம், பிழை அங்கதான். சோதிச்ச கையோட கூடின ஒயிலை எடுங்கோ. மைனரில கிராங்குக்குப் பின்னால ரப்பர் சீல் இல்லை, புரி வெட்டி ஒயிலைத் திருப்பி அனுப்புற முறைதான், மட்டத்துக்கு மேல ஒயில் நிண்டா கிளச் பக்கம் வடியும், பேந்து கிளச் வழுக்குது எண்டு அழவேண்டி வரும்.

பிறசர் இருக்கு, ரொக்கர் காய்ஞ்சு கிடக்கு

கேஜ் 40 காட்டுது, சந்தோசத்தில கவரைப் பூட்டிடாதேங்கோ. மைனர் எஞ்சினில ரொக்கருக்குப் போற ஒயில் முன் காம் பெயாரிங்குக்கால சுத்தி, ஹெட்டுக்கால ஏறி, ஒரு ரொக்கர் காலுக்கால தண்டுக்குள்ள போகுது, காம் சுத்தச் சுத்த விட்டு விட்டுத்தான் வரும், அதால பொறுமையா ஒரு ரெண்டு நிமிசத்துக்கு, இடைக்கிடை நிப்பாட்டி, சுத்திப் பாருங்கோ. வராட்டி மூண்டு இடம்: காம் பெயாரிங் புதுசாப் போட்டதெண்டா அதின்ர ஓட்டை புளொக் ஓட்டைக்கு நேர நிக்குதோ, ஹெட் கஸ்கெட் தலைகீழாப் போச்சோ, ஓட்டை உள்ள ரொக்கர் கால் ஓட்டை இல்லாத இடத்தில இருக்குதோ. கஸ்கெட்டில மேல்பக்கம், முன்பக்கம் எண்டு அடிச்சே வச்சிருக்கிறான், வாசிக்காமல் போடுறது நாங்கள்தான். மூண்டில முதலாவது எண்டா எஞ்சின் திருப்பி வெளியில, மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கோ.

குளிருக்க 60, சூட்டில ஒண்டும் இல்லை

ஓடின பிறகு வாற பிழை இது. ஆயிரம் சுத்துக்கு 10 இறாத்தல் எண்டு பொதுவாச் சொல்லுவினம். மைனர் சூட்டில ரோட்டில ஓடேக்க 60 கிட்ட, ஐடிலில 15 கிட்ட நிக்கவேணும். ஐடிலில முள் விழுந்து றேஸ் குடுக்க ஏறினா பெயாரிங்கைக் குற்றம் சொல்ல முதல் டிப்ஸ்ரிக்கை மூக்குக்குக் கிட்டப் பிடியுங்கோ. பெற்றோல் மணக்குதோ, ஒயில் மட்டம் ஊத்தினதைவிடக் கூடியிருக்குதோ? அப்பிடியெண்டா ஒயில் கரைஞ்சு தண்ணி மாதிரிப் போச்சு. காம்சாப்ட் தள்ளி ஓடுற மெக்கானிக்கல் பெற்றோல் பம்ப் இருக்கிற ஜப்பான் எஞ்சினுகளில டயப்பிராம் கிழிஞ்சா பெற்றோல் நேர சம்புக்குள்ளதான் போகும். மைனரில பம்ப் கரண்டில ஓடுறது, தனிய நிக்குது, அதில இந்தப் பிழை இல்லை, ஆனா சோக் இழுத்தபடி ஓடினா பெற்றோல் சிலிண்டர் சுவராலயே கழுவிக்கொண்டு இறங்கும்.

தொண்ணூறுகளில பெற்றோல் தடை இருந்த காலம் மண்ணெண்ணெயில கார் ஓடினவைக்கு இது சொல்லத் தேவையில்லை. நாலு சொட்டுப் பெற்றோலில ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாத்தி ஓடேக்க, எரியாத மண்ணெண்ணெய் முழுக்கச் சம்புக்குத்தான் வந்தது, டிப்ஸ்ரிக்கில மட்டம் நாளுக்கு நாள் ஏறும், ஒயில் பெருகுது எண்டு சந்தோசப்பட்ட ஆக்களும் இருந்தவை. அந்தக் காலத்துக் கார் எஞ்சின் இப்ப ஓவகோலுக்கு வந்தா கிராங் எவ்வளவு தேஞ்சிருக்கு எண்டு அளந்து பாருங்கோ, அப்ப தெரியும்.

முள் மேல போய் ஒட்டிக்கொண்டுது

100க்கு மேல காட்டுதெண்டா றிலீவ் வால்வ் மூடினபடி இறுகிப் போச்சு, அல்லது முந்தி ஆரோ வொசர் அடுக்கியிருக்கினம். உடன நிப்பாட்டுங்கோ, பில்ரர் சீல் வெடிச்சு எஞ்சின் ஒயிலை நிலத்தில ஊத்திறதுக்கு கனநேரம் எடுக்காது.

காலமை முதல் அடியில மட்டும் லேற்றா வருது

இரவு முழுக்க நிக்கேக்க பில்ரரில இருக்கிற ஒயில் வடிஞ்சு போகுது. பில்ரருக்குள்ள இருக்கிற ரப்பர் வால்வ் இறுகினா இப்பிடி வரும், மலிஞ்ச பில்ரரில புதுசிலயே வரும். நல்ல பில்ரர் ஒண்டு மாத்தினாச் சரி. நிமிந்து நிக்கிற பில்ரர் எண்டா ஒயில் நிரப்பிப் போட்டுப் பூட்டுங்கோ, அரை லீற்றர் கிட்டப் பிடிக்கும், அதாலதான் பிறைம் பண்ணின பிறகு டிப்ஸ்ரிக் மட்டம் இறங்கும், பயப்பிடாமல் திருப்பி ஊத்துங்கோ.

கேஜ் சரி, லைற் மட்டும் எரியுது

சுவிச் பிழை, அல்லது வயர் உடம்பில தொடுது. இதில பயம் இல்லை. சாவி போட்டவுடன லைற் எரியவே இல்லை எண்டாத்தான் பயம், பல்ப் போயிட்டுது, அது தெரியாமல் ஒருத்தர் கொடிகாமத்தில இருந்து முறிகண்டி மட்டும் ஓடியிருக்கிறார்.

எல்லாம் சரி வந்து பிளக் பூட்டி அடிச்சுப் பத்தின பிறகு, காமும் அது தள்ளுற ரப்பெற்றும் புதுசெண்டா ஐடிலில விடாதேங்கோ, 2000 சுத்தில 20 நிமிசம் பிடியுங்கோ, அந்த வகைக் காமுக்கு ஒயில் தெறிச்சுத்தான் போகுது, ஐடிலில தெறிக்கிறது காணாது. ரேடியேற்றருக்கு ஒரு கண், கேஜுக்கு ஒரு கண். முதல் ஒயிலை நான் ஒரு 50 மைலுக்குள்ள இறக்கிப்போடுவன், பில்ரரையும் வெட்டிப் பாப்பன், மடிப்புக்குள்ள மினுங்கிற சாம்பல் தூள் கொஞ்சம் இருந்தா அது றிங் பதியிற தூள், செம்பு நிறத்தில செதில் இருந்தா அண்டைக்கே சம்பை இறக்குவன்.